பழைய இபிஏபிஎக்ஸை மைக்ரோசாஃப்ட் டீம்ஸுடன் இணைக்க முடியுமா, அல்லது மாற்றியே ஆக வேண்டுமா?

கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் ஒரு பிஆர்ஐ இணைப்பும் (தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஒரே கேபிளில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் இணைப்பு) நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இபிஏபிஎக்ஸும் (அலுவலகத்தின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) உள்ளன, ஊழியர்களில் பாதிப் பேர் டீம்ஸுக்குப் பழகிவிட்டார்கள், பழைய எந்திரத்தைக் கழற்றிவிடும்படி விற்பனையாளர் வற்புறுத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் இத்தகைய இணைப்புகளை அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கழற்ற வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே, அழைப்புகளை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக் கொடுக்கும் எஸ்பிசி எனப்படும் செஷன் பார்டர் கன்ட்ரோலர் ஒன்று இருந்தால் போதும்.

ஆனால் அதை எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. வேலை எளிது என்பதற்காகப் பலரும் எஸ்பிசியை இபிஏபிஎக்ஸுக்குப் பின்னால் மாட்டிவிடுகிறார்கள்; அப்படிச் செய்தால் இபிஏபிஎக்ஸ் படுக்கும் நாளில் டீம்ஸுக்கு வரும் வெளி அழைப்புகளும் சேர்ந்து படுத்துவிடும். பிஆர்ஐ கேபிள் முதலில் எஸ்பிசிக்கு வந்து, அங்கிருந்து ஒரு கிளை இபிஏபிஎக்ஸுக்கும் இன்னொன்று டீம்ஸுக்கும் பிரிவதே என் பரிந்துரை. இதற்கு எஸ்பிசியில் பிஆர்ஐ கேபிளைச் செருகும் இ1 போர்ட்டுகள் இரண்டு வேண்டும். செலவு சற்றுக் கூடும். பதிலுக்கு, கணக்குப் பிரிவை இந்த மாதமும் விற்பனைப் பிரிவை அடுத்த மாதமும் மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் எஸ்பிசியில் எண்களின் வழியைத் திருத்தினால் போதும், வாடிக்கையாளர்களிடம் உள்ள எண் எதுவும் மாறாது. மின்சாரம் போனால் இரு போர்ட்டுகளையும் தானாக நேரடியாக இணைத்துவிடும் மாடல்களும் கிடைக்கின்றன. டிசம்பர் மழையைப் பார்த்த ஊரில் அந்த வசதிக்குத் தரும் பணம் வீண் போகாது.

டீம்ஸ் பக்கத்தில் இந்த முறைக்கு டைரக்ட் ரூட்டிங் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் சான்றளித்த எஸ்பிசி, நிலையான பொது ஐபி முகவரி, உங்கள் சொந்த டொமைனில் ஒரு பெயர், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் வாங்கிய சான்றிதழ், வெளி அழைப்பு தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் டீம்ஸ் ஃபோன் உரிமம் ஆகியவை வேண்டும். ஃபயர்வாலில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள முகவரிகளுக்கு மட்டும் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். இணைய வழி அழைப்புகளுக்கான சிப் (SIP) போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்தால், யாரோ ஒருவர் உங்கள் பிஆர்ஐ வழியாக வெளிநாட்டுக்குப் பேசிய பில் உங்கள் தலையில் விழும்.

நடைமுறையில் அதிகத் தொல்லை தருவது எண்களின் வடிவம். டீம்ஸ் இந்திய எண்களைப் பொதுவாக +91 என்று தொடங்கியே அனுப்பும். பிஆர்ஐக்கு அது புரியாது. சென்னைத் தரைவழி எண்ணானால் +9144 என்பதை நீக்கி எட்டு இலக்கங்களை மட்டும் அனுப்ப வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் தரைவழி இணைப்பிலிருந்து செல்பேசியை அழைக்க முன்னால் 0 கட்டாயம் என்பதால், அங்கே +91க்குப் பதில் 0 வர வேண்டும். வெளியூர்த் தரைவழி எண்களுக்கும் அதே விதிதான். 1800 எண்களுக்கும் 112, 108 போன்ற அவசர எண்களுக்கும் தனி விதி எழுதுங்கள். உள்ளே வரும் எண்களுக்கு இதையே தலைகீழாகச் செய்யாவிட்டால், தவறிய அழைப்பைத் தொட்டுத் திரும்ப அழைக்கும்போது அது போய்ச் சேராது. பயனர்களோ டீம்ஸே சரியில்லை என்பார்கள்.

பிஆர்ஐயில் ஒரே நேரத்தில் 30 பேச்சுகள்தான் போகும். வெளியிலிருந்து வரும் அழைப்பை ஒருவர் தன் செல்பேசிக்குத் திருப்பிவிட்டால் அந்த ஒரு பேச்சுக்கே இரண்டு தடங்கள் செலவாகும். எல்லோருக்கும் அந்த அனுமதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

சட்டப் பக்கத்தை விற்பனையாளர்கள் பொதுவாகத் தொடுவதில்லை. பொதுத் தொலைபேசி அழைப்பை நிறுவனத்தின் இணைய வலையில் ஏற்றி வேறு ஊரில் இறக்கி, எஸ்டிடி, ஐஎஸ்டி கட்டணத்தைத் தவிர்ப்பதை நம் நாட்டு உரிம விதிகள் ஏற்பதில்லை. 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் கால் சென்டர் போன்ற நிறுவனங்களுக்கான விதிகள் பெருமளவு தளர்த்தப்பட்டபோதும் இந்தத் தடை நீங்கவில்லை. இதற்காகவே டீம்ஸில் இருப்பிடம் சார்ந்த ரூட்டிங் என்ற வசதி இருக்கிறது: அலுவலக வலைக்குள் இருப்பவர் மட்டுமே அந்த அலுவலகத்தின் பிஆர்ஐயைப் பயன்படுத்த முடியும். அதை இயக்கினால், தாம்பரத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அலுவலக எண்ணில் பேசும் வசதி இருக்காது என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் அந்த வசதி வேண்டுமானால், டீம்ஸுக்கான எண்களை உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடமே நேரடியாக வாங்குவது நல்லது. எது அனுமதிக்கப்பட்டது என்பதை அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லிஃப்ட் ஃபோன், வாட்ச்மேன் அறை இன்டர்காம், ஃபேக்ஸ் ஆகியவற்றை இபிஏபிஎக்ஸிலேயே விட்டுவிடுங்கள். பழைய ஃபோனுக்கு மின்சாரம் எக்ஸ்டென்ஷன் கம்பியிலேயே வருகிறது. ஐபி ஃபோனுக்கு வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் வேண்டும். அடுத்த முறை ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் வரும்போது, உங்கள் இபிஏபிஎக்ஸின் பிஆர்ஐ கார்டு எந்த மாடல் என்றும், அதை எஸ்பிசியுடன் நெட்வொர்க் கேபிளிலேயே இணைக்க உதவும் சிப் டிரங்க் உரிமம் ஏதாவது பயன்படாமல் இருக்கிறதா என்றும் கேட்டு இங்கே எழுதுங்கள். உரிமம் இருந்தால் இரண்டாவது இ1 போர்ட்டின் செலவு மிச்சம். ஆனால் மேலே சொன்ன மின்தடை வசதி அப்போது கிடைக்காது.