பண்ட்டர் ரே கய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை உதைப்பது மட்டுமே வேலையாகக் கொண்ட ரே கய் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: நான் இந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. பண்ட்டர் என்பவருக்கு என்னதான் வேலை?

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முதல் மூன்று வாய்ப்புகளில் முடியாத நிலையில், நான்காவதில் துணிந்து ஆடித் தோற்றால் அதே இடத்தில் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே பெரும்பாலும் அதை எதிரணியின் எல்லைப் பக்கம் உதைத்து அனுப்பிவிடுவார்கள். அந்த உதைதான் பண்ட். உதைப்பவர் ஏறத்தாழ 15 யார்டு பின்னால் நிற்பார். நடுவிலிருப்பவர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னோக்கி எறிவார். எறிந்த கணத்திலிருந்து இரண்டு நொடி சொச்சத்தில் பந்து காலை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். தாமதித்தால், பாய்ந்து வருபவர்கள் மறித்துவிடுவார்கள். ரே கய் தொழில்முறை ஆட்டத்தில் 1,049 முறை உதைத்தார். அவற்றில் மறிக்கப்பட்டவை மூன்றே மூன்று.

கேள்வி: கல்லூரியில் அவர் எப்படி ஆடினார்? அங்கேயும் உதைப்பது மட்டும்தானா?

இல்லவே இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் தாம்சன் ஊரில் வளர்ந்தவர். பேஸ்பாலில் பந்துவீச்சாளராக அவரை எடுக்க சின்சினாட்டி ரெட்ஸ் அணியே முன்வந்தது. ஆனால் அவர் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தடுப்பு வரிசையின் பின்புறமும் ஆடி, எதிரணி எறிந்த பந்துகளில் 18-ஐ இடைமறித்துப் பிடித்தார். 1972-இல் யூட்டா ஸ்டேட் அணிக்கு எதிராகப் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது 61 யார்டு தூரத்திலிருந்து கோல் அடித்தார். அதே பருவத்தில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு எதிராக அவர் அடித்த ஒரு பண்ட் 93 யார்டு போனது. ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை மைதானத்தின் நீளமே 100 யார்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் சுற்றிலேயே ஒரு பண்ட்டரைத் தேர்ந்தெடுத்தது வீண் என்கிறார்களே?

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். 1973-இல் ஓக்லாந்து ரைடர்ஸ் அணி அவரை அப்படி 23-ஆவது ஆளாக எடுத்தபோதும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். பண்ட்டர் மட்டுமாக ஆடப்போகும் ஒருவரை முதல் சுற்றில் எடுத்தது அதுவே முதல் முறை. பலனைப் பாருங்கள்: 14 பருவங்கள், ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் 207 ஆட்டங்கள், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ப்ரோ பௌலுக்கு ஏழு தேர்வுகள், பட்டத்தைத் தீர்மானிக்கும் சூப்பர் பௌலில் மூன்று வெற்றிகள். இதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, அவருடைய சராசரி 42.4 யார்டுதான். பிற்காலப் பண்ட்டர் ஷேன் லெக்லரின் சராசரி 47-க்கும் மேல். அப்படியிருக்க ரே கய்தான் தலைசிறந்தவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி. பலரும் இடறுவது இங்கேதான். 60 யார்டு தூரம் தாழ்வாகப் பறக்கும் உதையைவிட, 45 யார்டு போய் வானத்திலேயே ஐந்து நொடி நிற்கும் உதை மேலானது. தாழ்வான பந்து எதிரணிக்காரர் கைக்கு வரும்போது நம் ஆட்கள் பாதி வழியில்தான் இருப்பார்கள். அவர் 20 யார்டு திரும்ப ஓடிவந்துவிடுவார். உயரமான பந்தென்றால், அண்ணாந்து காத்திருக்கும்போதே நம் ஆட்கள் அவரைச் சூழ்ந்துவிடுவார்கள். ஓடாமல் கையை உயர்த்திக் காட்டி வெறுமனே பிடித்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

பந்து காற்றில் நிற்கும் அந்த நேரத்தின் அருமையை நாடே கண்டுகொண்டது ரே கய் காலால்தான். 1974-இல் விதியும் மாறியது: உதைக்கும் அணியில் வரிசையின் இரு ஓரத்து ஆட்களைத் தவிர மற்றவர்கள் பந்து உதைக்கப்படும் வரை முன்னே ஓடக்கூடாது. கூட்டம் தாமதமாகக் கிளம்புவதால் பந்து கூடுதல் நேரம் காற்றில் இருந்தாக வேண்டியதாயிற்று. ஓங்கி வீசிய கால் தலைக்கு மேலே போகும்படி உதைக்கும் அவர் பாணிக்கு அது பொருந்திப்போனது. மேலும், மைதானத்தின் நடுவிலிருந்து உதைக்கும்போது தூரத்தைக் குறைத்து, எதிரணியின் கோல் கோட்டுக்குச் சில யார்டு முன்னால் பந்தை இறக்கப் பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் எதிரணி 20 யார்டிலிருந்து வசதியாகத் தொடங்கிவிடும். இப்படித் தெரிந்தே குட்டையாக அடித்த உதைகளும் அந்தச் சராசரியில்தான் சேர்கின்றன. லெக்லரும் மகத்தானவர், மறுக்கவில்லை. ஆனால் சராசரியை மட்டும் வைத்து அவர்களைத் தராசில் நிறுத்துவது தவறு.

கேள்வி: பந்தில் ஹீலியம் அடைத்தார்கள் என்ற கதை உண்மையா?

சந்தேகப்பட்டது உண்மை. எதிர்த்து ஆடிய ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியின் தரப்பு அவர் உதைத்த பந்து ஒன்றை ரைஸ் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் சொன்னது. அதில் இருந்தது வெறும் காற்று. ஹீலியம் அடைத்திருந்தாலும் சில கிராம் எடைதான் குறைந்திருக்கும். அதற்கு முன், 1976 ப்ரோ பௌலில், நியூ ஆர்லியன்ஸின் கூரையிட்ட அரங்கமான சூப்பர்டோமில் மேலிருந்து தொங்கிய காணொளித் திரையையே அவர் உதைத்த பந்து தாக்கியது. பிறகு அந்தத் திரையை உயர்த்திக் கட்டினார்கள்.

கேள்வி: தொழில்முறைக் கால்பந்தின் மேதைகளைப் போற்றும் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்க்க ஏன் இவ்வளவு தாமதம்?

அநியாயமான தாமதம். 1992-லேயே இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கோல் உதைப்பவரான யான் ஸ்டெனெருடுக்கு 1991-இல் திறந்த கதவு, பண்ட்டருக்கு 2014-இல்தான் திறந்தது. இடையில் பணக் கஷ்டத்தில் திவால் மனுச் செய்து, 2011-இல் தம் மூன்று சூப்பர் பௌல் மோதிரங்களையும் ஏலத்தில் இழந்தார். 96,216 டாலருக்குப் போயின. 2022 நவம்பரில் மறைந்தார். உயிரோடு இருக்கையிலேயே அந்தப் பெருமை கிடைத்ததில் எனக்கு ஆறுதல் உண்டு.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். பண்ட்டராக விரும்புகிறான். யாரைப் பார்த்துக் கற்கலாம்?

சிறந்த கல்லூரிப் பண்ட்டருக்கு 2000 முதல் ரே கய் பெயரிலேயே விருது தருகிறார்கள். அதை வென்றவர்களின் ஆட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் பலர் ஆஸ்திரேலியர்கள்: டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டிக்சன் 2017-இல், அயோவாவின் டோரி டெய்லர் 2023-இல். தங்கள் நாட்டுக் கால்பந்தில் ஓடிக்கொண்டே உதைத்துப் பழகியவர்கள். டிக்சனை சியாட்டில் சீஹாக்ஸும் டெய்லரை சிகாகோ பேர்ஸும் எடுத்தன. பையன் முதலில் கவனிக்க வேண்டியது அவர்களின் காலை அல்ல, கையை. பந்து கையிலிருந்து நழுவும்போது சாய்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கட்டும். அது கோணினால் எவ்வளவு வலுவான காலும் பயன்படாது.