மண்புழுத் தொட்டி வாங்கும் முன்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். சமையலறைக் கழிவை மண்புழு உரமாக்க விரும்புகிறோம். நான்கு அடுக்குத் தட்டுகளும் அடியில் குழாயும் கொண்ட ஒரு தொட்டியைப் பார்த்தேன், விலை அதிகம். “ஒரு கிலோ புழு தினமும் ஒரு கிலோ கழிவைத் தின்றுவிடும், நாற்றமே வராது” என்கிறது விளம்பரம். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். புழுக்கள் நாளொன்றுக்குத் தம் எடையில் ஏறத்தாழப் பாதியளவு உண்ணும் என்று வைத்துக்கொள்வதே பொருத்தம். புதிய இடத்துக்குப் பழகும் முதல் சில வாரங்களில் அதுவும் நடக்காது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், ஒரு வாரம் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றைத் தனியே சேர்த்து எடைபோட்டுப் பாருங்கள். தினமும் அரைக் கிலோ தேறினால் ஒரு கிலோ புழு வேண்டும். இறைச்சி, மீன், பால், எண்ணெய், உப்பு சேர்ந்த சமையல் மிச்சம் எதுவும் தொட்டிக்கு ஆகாது.

தொட்டியைவிடப் புழுவை வாங்குவதில்தான் கவனம் தேவை. தோட்டத்தில் தோண்டினால் கிடைக்கும் புழுக்களில் பல, ஆழத்தில் வளை அமைத்து வாழ்பவை; அவை தொட்டியில் நிலைப்பதில்லை. மட்கும் இலைதழைகளில் வாழும் ஐசீனியா ஃபெடிடா போன்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். எடைக்கு விற்கும்போது புழுவோடு இருக்கும் ஈரப் படுக்கையும் தராசில் ஏறிவிடும் என்பதால், சொல்லப்படும் எடை புழுவுக்கு மட்டுமா, கலவை முழுவதற்குமா என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கையளவு எடுத்து வெளிச்சத்தில் வைத்தால், நலமான புழுக்கள் பளபளப்புடன் நெளிந்து உடனே அடியில் புகப் பார்க்கும். வெளிறித் துவண்டு கிடந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கலவையில் எலுமிச்சம்பழ வடிவில், சில மில்லிமீட்டர் அளவில் மஞ்சள் நிற முட்டைக்கூடுகள் தென்பட்டால் அவை கொசுறு. ஒரு கூட்டிலிருந்தே பல குஞ்சுகள் வெளிவரலாம்.

அடுக்குத் தட்டுகள் வசதியானவை. புழுக்கள் உணவைத் தேடி மேல் தட்டுக்கு ஏறிவிடுவதால் கீழ்த்தட்டின் உரத்தை எடுப்பது எளிது. ஆனால் அவை இல்லாமல் முடியாது என்பதில்லை. அகலமான, ஆழம் குறைந்த, ஒளி புகாத பிளாஸ்டிக் பெட்டியில் பக்கங்களிலும் அடியிலும் துளையிட்டு, கிழித்த செய்தித்தாளை நனைத்துப் பிழிந்து பரப்பினால் போதும். அடிக்குழாயில் வடியும் நீரைத் திரவ உரம் என்று விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்வது எனக்கு ஏற்புடையதன்று. அது நிறைய வடிந்தால் உள்ளே ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

நாற்றம் தொட்டியின் விலையைப் பொறுத்ததன்று. புழு தின்னும் வேகத்தை மீறிக் கழிவைப் போட்டால் எந்தத் தொட்டியும் நாறும். அப்போது சில நாள் உணவை நிறுத்திக் காகிதத் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். 15 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பம் புழுக்களுக்கு உகந்தது. 35 பாகையைத் தாண்டினால் மடியத் தொடங்கும் என்பதால் நேரடி வெயில் படாத இடம் உங்களிடம் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். இருந்தால், அரைக் கிலோ புழுவும் சாதாரணப் பெட்டியுமாகத் தொடங்கி, கழிவில் ஒரு பகுதியை மட்டும் போட்டு வாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் முதல் உரம் கிடைத்த பிறகு அடுக்குத் தொட்டியைப் பற்றி யோசிக்கலாம்.