கைப்பிரதிக் கட்டும் கம்பளிக் காலுறையும்

அன்பின் அக்கா,

எங்கள் மாணவர் ஐக்கியத்திலிருந்து பதினான்கு பேர் வருகிற ஜனவரியில் பன்னிரண்டு நாள் நேபாளத்துக்கு மிஷன் பயணம் போகிறோம். காத்மண்டுவில் ஒன்றும் பொக்காராவில் ஒன்றுமாக இரண்டு சபைகள் எங்களை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கின்றன. எல்லாருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். நேபாளியில் மூன்று பாட்டுப் பழகுகிறோம். ஒரு ஊமை நாடகமும் தயாராகிறது. ஐந்நூறு நேபாளிக் கைப்பிரதிகள் அச்சடிக்கவிருக்கிறோம். ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போய் உடுப்பும் விளையாட்டுச் சாமானும் கொடுக்கத் திட்டம். ‘இருளில் ஒளி: நேபாளம்’ என்று ரீசேட்டும் அடிக்கிறோம். எந்தப் பாட்டை முதலில் பாடுவது, குளிருக்கு என்ன கொண்டுபோவது, பணம் எப்படிச் சேர்ப்பது? உங்கள் ஆலோசனை வேண்டும்.

ஒரு மாணவன், திருகோணமலை

அன்புள்ள தம்பி,

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்துபோன குழுக்களைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்தது. உமது கடிதம் அதைக் கிளறிவிட்டது. ஆகவே நீர் கேட்டதற்குப் பதில் குறைவாகவும் கேளாததற்குக் கூடுதலாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளும்.

பணம் சேர்க்கிற வழி உங்களுக்கே தெரியும். கொத்துரொட்டி விற்றோ கரோல் பாடியோ சேர்த்துவிடுவீர்கள். கணக்கை ஒரு கொப்பியில் எழுதி, போகமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம் சபையில் வாசியுங்கள். அவ்வளவுதான்.

ரீசேட்டை அடிக்கவேண்டாம். 1951க்கு முன் வெளிநாட்டு மிஷனரிகளுக்குக் கதவைச் சாத்தியிருந்த நாடு அது. 2021 சனத்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே கிறிஸ்தவர்கள் 512,313 பேர், நூற்றுக்கு 1.76. அந்தச் சபைகளைக் கட்டியெழுப்பியவர்கள் பெரும்பாலும் நேபாளிகள்தான். அதற்காகச் சிறைக்குப் போனவர்களும் அவர்கள்தான். உங்களுக்குப் பாய் விரித்துச் சோறு போடப்போகிற போதகரின் வாசலில், நெஞ்சில் ‘இருள்’ என்று எழுதிக்கொண்டு படத்துக்கு நிற்பீர்களோ? வெட்கம் வேண்டாமா?

இனி அந்த ஐந்நூறு கைப்பிரதிகளுக்கு வருகிறேன். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பில் 26ஆம் உறுப்புரை, ஒருவரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் கோவையின் 158ஆம் பிரிவு அதற்குத் தண்டனையும் சொல்கிறது: ஐந்து வருடம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை தண்டம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாடுகடத்தல். சார்க் நாட்டவர் என்பதால் உங்களுக்கு அங்கே 30 நாள் சுற்றுலா விசா கட்டணமில்லாமல் கிடைக்கும். அது சுற்றுலா விசா, பிரசங்க விசா அல்ல.

‘ஆண்டவருக்காகப் பிடிபட்டாலும் பரவாயில்லை’ என்று உங்களில் யாராவது ஒருவர் ஜெபக்கூட்டத்தில் சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டிருந்தால்தான் அதிசயம். பிடிபட்டால் உங்களை விமானம் ஏற்றி அனுப்பிவிடக்கூடும். வழக்குக்கு மாவட்ட நீதிமன்றப் படியேறப்போகிறவர் உங்களுக்கு வீடு தந்த மனிதர். 2016 ஜூனில் டோலகா மாவட்டத்துச் சாரிகோட்டில் எட்டுக் கிறிஸ்தவர்கள் கைதானார்கள். பூகம்பத்தில் பயந்துபோன பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை நடத்திய இடத்தில், இயேசுவைப் பற்றிய படக்கதைப் புத்தகம் ஒன்று கைமாறியதுதான் குற்றச்சாட்டு. டிசம்பரில் வழக்கிலிருந்து விடுதலையானார்கள். ஆறு மாதம் போனது போனதுதான். அதுவும் புதிய கோவை வருவதற்கு முந்திய காலம்.

பொக்காராவுக்குப் போகிறீர்கள் அல்லவா? அங்கே ஊழியம் செய்த போதகர் கேசவ் ராஜ் ஆச்சார்யா 2020 மார்ச்சில் கைதானார். தொடக்கம் யூடியூப்பில் பரவிய ஒரு வீடியோ, கொரோனாவைப் பற்றியது. பின்னர் கைப்பிரதி கொடுத்த குற்றச்சாட்டும் சேர்ந்தது. 2021 நவம்பரில் டோல்பா மாவட்ட நீதிமன்றம் இரண்டு வருடச் சிறையும் 20,000 ரூபாய் தண்டமும் விதித்தது. மேன்முறையீட்டில் சிறை ஒரு வருடமாகக் குறைந்தது. ஒரு வீடியோ, கொஞ்சம் தாள். தாள் உங்கள் நிரலிலேயே இருக்கிறது, வீடியோ எடுக்கக் கைத்தொலைபேசியும் கையில் இருக்கும்.

இது திருகோணமலைப் பிள்ளைக்கு விளங்காத விஷயமில்லை. 2004 ஜூலையில் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகளுக்குச் சர்வசன வாக்கெடுப்புத் தேவை என்றது, சட்டமூலம் நிறைவேறவில்லை. அந்தச் சூடு ஆறமுன் டிசம்பர் 26 வந்தது. நிவாரணப் பொதியோடு கைப்பிரதியையும் நீட்டிய சில வெளிநாட்டுக் குழுக்கள் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிட்டன. ‘சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள்’ என்ற பேச்சு மட்டும் ஏறவில்லை. அது இங்கேயே தங்கியது. அதற்குப் பதில் சொன்னவர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் அயலவரோடு தினம் முகம்பார்த்து வாழவேண்டியிருந்த உள்ளூர்ச் சபையார். அந்தக் குழுக்களின் இடத்தில் இப்போது நீங்கள்.

ஆகவே கைப்பிரதி ஒன்றும் கொண்டுபோகவேண்டாம். பெட்டியின் அடியில் மறைத்துக் கொண்டுபோவது இன்னும் மோசம். அங்குள்ள சபைக்குப் புத்தகம் தேவையென்றால் அவர்களே அங்கே அச்சடித்துக்கொள்வார்கள். எதை, யாருக்கு, எந்த வீட்டில் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கைத்தொலைபேசிக்கும் இதே கதைதான். அங்கே இருக்கும்வரை பேஸ்புக்கில் ஒன்றும் போடவேண்டாம். வந்தபிறகும் சபையின் பெயர், போதகரின் முகம், தெருப்பெயர்ப் பலகை எதுவும் படத்தில் தெரியக்கூடாது. படத்தில் இடத்தைப் பதியும் வசதியைப் புறப்படமுன்னே நிறுத்திவிடுங்கள். பதினான்கு தொலைபேசியிலும் ஒருவர் இருந்து பார்த்து நிறுத்தவேண்டும். ‘நான் நிறுத்திவிட்டேன்’ என்ற வாய்ச்சொல்லை நம்பக்கூடாது. படம் எடுக்க ஒருவர் போதும், அவரும் போதகர் தலையசைத்த பிறகே எடுக்கவேண்டும்.

சிறுவர் இல்லம் வேண்டாம். இங்கே ஓர் இல்லத்துக்குள் முன்பின் தெரியாத பதினான்கு பேர் பையோடு நுழைந்தால் நன்னடத்தைத் திணைக்களம் சும்மா இருக்குமா? நேபாளத்தில் அப்படியான இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டார் வந்து கொட்டுகிற காசுக்காகவே மலைக்கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து அடைத்த இடங்களும் உண்டு. பதினொராம் நாள் அந்தப் பிள்ளை உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும், பன்னிரண்டாம் நாள் நீங்கள் இல்லை. அடுத்த மாதம் வேறொரு குழு வரும். உடுப்பு மூட்டையும் வேண்டாம். சுனாமி நேரம் இந்த வெயிலுக்குக் குளிர்கோட்டு அனுப்பியவர்களை நாம் சிரித்தது போதும்.

குளிரைக் கேட்டீர். அதுதான் உருப்படியான கேள்வி. காத்மண்டு 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் வெப்பநிலை 2, 3 பாகைக்கு இறங்கும். பெரும்பாலான வீடுகளில் சூடாக்கி கிடையாது, சீமெந்துத் தரை வெளியைவிட உள்ளே சில்லென்றிருக்கும். ஒரு தடித்த கோட்டை மட்டும் நம்பிப் போகவேண்டாம். உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளுடை, அதற்குமேல் கம்பளிச் சுவெட்டர், அதற்குமேல் காற்றுப் புகாத ஜக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டும். உள்ளுடை பருத்தியாக இருக்கக்கூடாது. வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு அதுவே விறைக்கவைக்கும். அங்கே சபைக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் இருப்பார்கள், அநேகமாக ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இரண்டு மணித்தியாலம் அப்படி இருக்க, தடித்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி இல்லாவிட்டால் பிரசங்கம் காதில் ஏறாது. ஆராதனை சனிக்கிழமையில். அதுதான் அங்கே வார விடுமுறை. பன்னிரண்டு நாளில் இரண்டு சனி விழுமாறு டிக்கெட் எடுங்கள்.

கிணற்றடியில் இரண்டு நேரமும் அள்ளி ஊற்றிக் குளித்த உடம்பு உங்களுடையது. காத்மண்டுவில் குளிர்காலத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு, பல வீடுகளில் பவுசரில்தான் வாங்குகிறார்கள். பதினான்கு பேர் இரண்டு நாள் குளித்தால் அந்த வீட்டின் தாங்கி காலி. அங்கத்தைய சமையல் எரிவாயுச் சிலிண்டர் 14.2 கிலோ. பதினான்கு பேருக்கு இரண்டு நேரம் பருப்பும் சோறும், குடிக்கச் சுடுநீரும் என்றால் அது எத்தனை நாளைக்குக் காணும் என்று உமது அம்மாவிடம் கேட்டுப் பாரும். ஆறு பேர் போங்கள். ஆறு பேர் ஒரு வானுக்குள் அடங்குவார்கள், ஒரு வீட்டில் தூங்குவார்கள், தெருவில் ஊர்வலமாகத் தெரியமாட்டார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் இதைச் சொல்வது கஷ்டம்தான். சொல்லத்தான் வேண்டும்.

நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படக் குறைந்தது இரண்டு வாரம் முன்னே போடுங்கள், பிந்தினால் பிரயோசனம் குறைவு. மஞ்சட்காமாலை ஏ வகைக்கும் வைத்தியரிடம் கேளுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி பைக்கற் ஆளுக்கு ஐந்து. ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்கவேண்டும், பாதிப் பைக்கற்றைக் கிளாசில் போட்டுக் குடிப்பது பிழை. தெருநாய்கள் நிறைய. கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே விசர்நாய்த் தடுப்பூசிக்குப் போகவேண்டும். ‘சின்னக் கீறல்தானே’ என்று ஒருவர் மறைப்பார். அவரைக் கவனியுங்கள். யாராவது மலைக்கிராமம் என்று ஆசைகாட்டினால் உயரத்தைக் கேளுங்கள். 2,500 மீற்றருக்கு மேலே தலையிடியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக்கூடாது. கூடினால் ஜெபம் பண்ணிக்கொண்டே கீழே இறங்குங்கள். மாட்டிறைச்சி எந்த வடிவிலும் பெட்டியில் வேண்டாம்.

நாடகம் பற்றி ஒரு சொல். யூஜின் ஹேபியர் அடிகளார் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்தவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தலைமுறை தலைமுறையாகப் பொடியளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15 இந்த மாகாணத்திலேயே காணாமற்போனார். பன்னிரண்டு நாளில் நீங்கள் அதில் ஒரு துளியும் செய்யமுடியாது. தெருவில் முகத்துக்கு வெள்ளை பூசி ஆடுவதைவிட, சபையின் இளைஞரோடு பந்தடித்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். சாட்சி சொல்லச் சொன்னால் மூன்று நிமிடம் போதும், மொழிபெயர்ப்போடு அது ஆறாகும். ஒரு வசனம் சொல்லி நிறுத்தி, மொழிபெயர்ப்பவர் முடித்தபிறகு அடுத்தது. அதை இங்கேயே பக்கத்தில் ஒருவரைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க வைத்துப் பழகலாம்.

டிக்கெட் எடுக்கமுன் இரண்டு போதகர்களுக்கும் ஒரு கடிதம் போடும். எத்தனை பேர் வந்தால் உங்களுக்குப் பாரமில்லை, எங்கே நாங்கள் போகக்கூடாது, யாரோடு பேசக்கூடாது, ஒரு நாளைக்கு ஓர் ஆளின் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு செல்லும், பொலிஸ் விசாரித்தால் என்ன சொல்லவேண்டும் என்று கேளும். ‘எல்லாரும் வாருங்கள், ஒரு பிரச்சினையுமில்லை’ என்று பதில் வந்தால் அது மரியாதைக்குச் சொன்னது, மறுபடி கேளும். பாட்டு விஷயத்தையும் அதே கடிதத்தில் எழுதும். அவர்கள் சபையில் பாடுகிற இரண்டைத் தொலைபேசியில் பதிந்து அனுப்பச் சொல்லிப் பழகுங்கள். எதை முதலில் பாடுவதென்று அவர்களே சொல்வார்கள்.