மரமேறும் வேலைக்குச் செயின்சா வாங்கப் போகும் தம்பிக்கு

தம்பி, இந்த நாட்டுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது, மரவேலை எடுத்துச் செய்யும் நம்மவர் ஒருவரிடம் சேர்ந்திருக்கிறேன், அடுத்த மாதம் மரமேற விடுவதாகச் சொல்கிறார், டாப் ஹேண்டில் (மேல்பிடி) செயின்சாவை நானே வாங்கி வரவேண்டுமாம், எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், குளிருக்கு உடுப்பு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். செயின்சாவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததுமே என் கை இடது முன்கைத் தழும்புக்குத்தான் போனது.

இப்போது எதையும் வாங்காதீர்கள். முதலில் பயிற்சி. இந்த வகை மெஷினோடு வரும் கையேட்டிலேயே, மரமேறி வேலை செய்யப் பயிற்சி பெற்றவருக்கு மட்டும் என்று போட்டிருக்கும். அது சும்மா போட்டதில்லை. சாதாரணச் செயின்சாவில் ஒரு பிடி முன்னால், ஒரு பிடி பின்னால். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, மேலே எகிறினாலும் அமுக்கிப் பிடிக்கக் கைக்குப் பலம் கிடைக்கும். மேல்பிடி மெஷினில் இரண்டு பிடியும் பக்கத்துப் பக்கத்தில். கிளைகளுக்கு நடுவே நுழைந்து, உடம்போடு ஒட்டி வேலை செய்வதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பார் நுனியின் மேல்பக்கக் கால்வாசி எதிலாவது பட்டால் கிக்பேக் வரும், அதாவது பார் சட்டென்று நம்மை நோக்கி எகிறும், அப்போது அதை அடக்க அந்தப் பலம் இருக்காது. அதனால்தான் தரையில் நின்று இதைத் தொடவே கூடாது என்கிறோம்.

பெரிய ஆபத்து இன்னொன்று. இதை ஒரு கையால் தூக்க முடியும். தூக்க முடிந்தால் ஒரு கையாலேயே அறுக்கத் தோன்றும், மற்றக் கையால் கிளையைப் பிடிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போது எனக்கு 24 வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். என்னை வைத்திருந்தவரும் நம்மவர்தான். பழைய ஹார்னஸ் (மரமேற உடம்பில் மாட்டும் பட்டை), ஒரே ஒரு கயிறு, செயினை நிறுத்தும் பிரேக் சரியாகப் பிடிக்காத மெஷின். இடது கையால் கிளையைப் பிடித்து வலது கையால் அறுத்தேன். நுனி பின்னால் இருந்த கொம்பில் பட்டது. கண் இமைப்பதற்குள் செயின் என் முன்கையில். பதினொரு தையல். மருத்துவமனையில் கண்ணாடி வெட்டியது என்று சொல்லச் சொன்னார் அந்த முதலாளி, சொன்னேன். ஒரு மாதம் சம்பளம் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பொய்தான் காயத்தைவிட உறுத்துகிறது. ஊரிலிருந்து புதிதாக வருபவனுக்கு மொழி தெரியாது, சட்டம் தெரியாது என்பதையே முதலாக வைத்துத் தொழில் நடத்துபவர்கள் நம்மவரில் இன்னும் இருக்கிறார்கள். பாதுகாப்பு உடையை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். மெஷினையே நீ வாங்கி வா என்பவர் அதைக் கொடுப்பாரா என்று யோசியுங்கள்.

கிளையைப் பிடிக்காமல் எப்படி இறக்குவது என்றால், அதற்கு ஒரு வெட்டு இருக்கிறது. ஒரு பக்கம் பாதிக்குச் சற்று மேல் அறுத்து, எதிர்ப்பக்கம் சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு வெட்டு, இரண்டும் ஒன்றையொன்று தாண்டும்படி. கிளை அப்படியே நிற்கும். செயின் பிரேக்கைப் போட்டு, மெஷினை இடுப்பில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் ஒடித்து எறியலாம். விரல் பருமன் கிளைக்குக் கைவாளே போதும். அறுக்கும்போது உங்களை மரத்தோடு பிணைக்க எப்போதும் இரண்டு கட்டு இருக்கட்டும், ஒன்று உள்ளே கம்பி ஓடும் லேன்யார்டாக (மரத்தைச் சுற்றிக் கட்டும் குட்டைக் கயிறாக) இருந்தால் நல்லது. ஓடும் செயின் பட்டால் வெறும் கயிறு ஒரு நொடி தாங்காது. தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் ஏறி இடம் மாறுங்கள்.

பயிற்சி முடிந்தபின் வாங்குவதானால் எடையைத்தான் முதலில் பாருங்கள். பார், செயின் இல்லாமல் 4.3 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்த வகைக்கான சர்வதேசத் தர அளவு. எக்கோவின் 25 சிசி மெஷின் 2.3 கிலோதான், ஸ்டில் எம்எஸ் 201 டி 35 சிசி, 3.7 கிலோ. ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பியும் ஏறக்குறைய அதே வகுப்பு. மூன்றும் நல்லவை, பக்கத்தில் எதற்குச் சர்வீஸ் கிடைக்கிறதோ அதை எடுங்கள். பார் 30 சென்டிமீட்டர் போதும். பேட்டரி மெஷினில் கீழே நிற்பவரின் குரல் கேட்கும், அது பெரிய நன்மை. ஆனால் செயின் ஓடாதபோது சத்தமே இல்லாததால் மெஷின் அணைந்திருப்பதாகக் கை நினைத்துக்கொள்ளும். ஒரு கை எடுத்தாலே பிரேக், அதில் விலக்கே கிடையாது.

மரம் வெட்டவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்ட சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு. அலுவலகத்தில் இருக்கிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு இதே வேலை செய்பவர்களையும் தெரியும். நான் ஒருநாளும் மறைத்ததில்லை. தையல் பிரித்தபின் வேறொரு குழுவில் தரையில் கிளை இழுக்கும் வேலைக்குப் போனேன். அங்கே இந்த நாட்டுக்கார முதியவர் ஒருவர், மரமேறியே முடி நரைத்தவர். மதியம் எல்லோரும் வண்டிக்குள் இருக்க, அவர் மரக்கட்டையில் உட்கார்ந்து 4 மில்லி அரத்தால் செயினைத் தீட்டுவார். ஒவ்வொரு பல்லுக்கும் அதே சாய்வு, அதே எண்ணிக்கை. ஒருநாள் எதுவும் பேசாமல் அரத்தை என் கையில் கொடுத்தார். இந்த மொழியில் நான் கற்ற முதல் சொற்கள் நில், விலகு, விழுகிறது, எல்லாம் அவர் கத்த நான் கேட்டவை. ஒரு வருடம் கீழே நின்றபின்தான் என்னை ஏறவிட்டார். மழுங்கிய செயினை அமுக்கினால்தான் அறுக்கும், அமுக்கும்போதுதான் கை தவறும் என்று அவர் சொன்னதை இப்போது நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்கிறேன்.

திங்கட்கிழமை உங்கள் முதலாளியிடம் ஒன்று கேளுங்கள்: மேலே எனக்கு அடிபட்டால் ஏறி வந்து என்னை இறக்கப் பயிற்சி பெற்ற ஆள் அன்று கீழே யார் நிற்பார், அவருக்குத் தனி ஹார்னஸும் கயிறும் இருக்கிறதா? அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள் தம்பி. ஆள் இல்லை என்றால், தரையில் கிளை இழுக்கும் வேலை இருக்கும் நல்ல குழுக்கள் இரண்டு எனக்குத் தெரியும், நானே பேசித் தருகிறேன்.