பட்டா இருக்கிறது, கட்டலாமா?

மனை, நில உபயோகம், கட்டட அனுமதி குறித்து கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டி 40 சென்ட் புஞ்சை என் பெயரில் பட்டாவாக இருக்கிறது. பல வருடமாகத் தரிசு. சின்னதாக ஒரு திருமண மண்டபம் கட்ட நினைக்கிறேன். "நஞ்சையில்தான் கட்டக் கூடாது, புஞ்சை என்றால் தாராளமாகக் கட்டலாம்" என்கிறார் தரகர். சரிதானா?
வாசகர், கடலூர்

சரியில்லை. பட்டாவில் இருக்கும் நஞ்சை, புஞ்சை என்பது தீர்வை போடுவதற்காக வருவாய்த்துறை வைத்த வகைப்பாடு. அந்த இடத்தில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது நகர் ஊரமைப்புத் துறை. 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போட்ட பகுதிகளில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று ஓர் உபயோகம் குறிக்கப்பட்டிருக்கும். பட்டாவில் புஞ்சை என்று இருக்கும் நிலம் திட்ட வரைபடத்தில் குடியிருப்பாகவும் இருக்கலாம், விவசாயமாகவும் இருக்கலாம். இரண்டு துறையின் பதிவேடும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்வதில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உங்கள் சர்வே எண் கடலூர் உள்ளூர்த் திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். நெல்லிக்குப்பம் சாலையில் அடுத்தடுத்த ஊர்களுக்கே பதில் மாறலாம். பட்டா நகல், 'அ' பதிவேடு (சர்வே எண்வாரியான கிராம நிலக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் எடுத்துக்கொண்டு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போங்கள். இந்த சர்வே எண்ணின் நில உபயோகம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தைப் பதிலை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். உட்பிரிவு எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். 112 என்று கேட்டு, கையில் இருப்பது 112/3ஆ என்றால் அந்தப் பதிலால் பயனில்லை.

திட்டப் பகுதிக்குள் இருந்து, உபயோகம் விவசாயம் என்று வந்தால், நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். விண்ணப்பம், கள ஆய்வு, ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு, கடைசியில் அரசிதழ் வெளியீடு என்று அது நீளும். இவ்வளவும் முடிந்த பிறகே கட்டட வரைபடத்தைக் கையில் வாங்குவார்கள். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் அதே சட்டத்தின் 47-அ பிரிவும் 2017இல் வந்த விதிகளும் பொருந்தும். அங்கேயும் விவசாயத்திலிருந்து வேறு உபயோகத்துக்கு மாற்ற முன் ஒப்புதல் வேண்டும். நஞ்சை என்றால் வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் கேட்கப்படும். புஞ்சைக்கு அந்தச் சுற்று குறையலாம். தரகர் சொன்னதில் இருக்கும் உண்மை அவ்வளவுதான்.

கடலூரில் கூடுதலாக ஒன்று உண்டு. கெடிலம், தென்பெண்ணை இரண்டின் கரையும் அருகில் இருக்கிறது. தாழ்வான நிலம் என்றால் வெள்ளம் தேங்கும் இடமா என்று நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். இவ்வளவு உயரம் மண் நிரப்பு, வடிகால் இந்தப் பக்கம் விடு என்று நிபந்தனை போட்டுத் தருவார்கள். அந்த மண் செலவை முதலிலேயே கணக்கில் எடுங்கள். 40 சென்ட் என்பது ஏறத்தாழ 1,619 சதுர மீட்டர். ஒரு மீட்டர் உயர்த்தினாலே 1,600 கன மீட்டருக்கு மேல் மண், அதுவும் அமுங்கும் அளவைச் சேர்க்காமல்.

இன்னொன்று, மண்டபம் என்பது வீடு போலக் கணக்கிடப்படாது. மக்கள் கூடும் கட்டடம். எதிரே உள்ள சாலையின் அகலம், வாகனம் நிறுத்தும் இடம், தீயணைப்புத் துறையின் சான்று எல்லாம் சேரும். சாலை அகலத்தைப் பத்திரத்தில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புலப்படத்தில் உள்ள அகலத்தையும், தரையில் நாடா பிடித்து அளந்த அகலத்தையும் ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 30 அடிப் பாதை என்று இருந்து, தரையில் 18 அடி மட்டும் கிடைத்தால் மண்டபத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

2014இல் ஒரு விவசாயியிடமிருந்து பிரித்து விற்ற மனைகளில் 5 சென்ட் வாங்கினேன். பத்திரப் பதிவு நடந்தது, பட்டாவும் மாறிவிட்டது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். இப்போது வீடு கட்ட அனுமதி மறுக்கிறார்கள். பதிவு செய்து கொடுத்தது அரசுதானே?
வாசகி, பண்ருட்டி

கோபம் நியாயம்தான், ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் எண் இல்லாத 'பஞ்சாயத்து அப்ரூவல்' தாள் எதற்கும் உதவாது. பதிவு அலுவலகமோ கைமாறிய ஆவணத்தைப் பதிவு செய்கிறது, மனைப்பிரிவு முறையாகப் போடப்பட்டதா என்று அன்றைக்குச் சோதிக்கவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் நிலைமை மாறியது.

உங்களுக்குக் கைகொடுப்பது 20.10.2016 என்ற தேதி. அன்றோ அதற்கு முன்போ மனையாகப் பதிவான இடங்களை 2017ஆம் ஆண்டின் வரன்முறை விதிகளின்கீழ் முறைப்படுத்தலாம். 2014 பத்திரம் என்பதால் தகுதி உண்டு. மனைப்பிரிவு முழுவதற்கும் முதலில் ஒரு கட்டமைப்பு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், அதன் பிறகே தனி மனைக்கு வரன்முறை ஆணை. உங்கள் பக்கத்து மனைக்காரர் யாராவது ஏற்கெனவே ஆணை வாங்கியிருந்தால் கட்டமைப்பு ஒப்புதல் இருக்கிறது என்று பொருள். அவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். இந்தத் திட்டத்தின் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. எனவே கட்டணம் கட்டும் முன் விண்ணப்பத் தளம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீர்நிலை, புறம்போக்கு, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் இவற்றில் விழும் மனைக்கு வரன்முறை கிடையாது. மனைப்பிரிவு வரைபடத்தைப் புலப்படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பலர் இதைச் செய்யாமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

20.10.2016க்கு முன் மனையாகப் பதிவான இடத்தை மறுபடி விற்கப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு வழி விடுகிறது. இதைக் காட்டி "பதிவு ஆகும், பயமில்லை" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பதிவு ஆகலாம், வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதி வராது. அந்த 5 சென்ட்டை இப்போது இரண்டாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கு எழுதினால் அது புதிய உட்பிரிவு. பழைய தேதியின் பாதுகாப்பு அதற்கு ஒட்டாது. முதலில் முழு மனைக்கும் வரன்முறை வாங்குங்கள், பிரிப்பது பிறகு.

அங்கீகாரம் பெற்றுப் புதிதாக மனைப்பிரிவு போட்டால் பூங்காவுக்கு எவ்வளவு விட வேண்டும்?
வாசகர், குறிஞ்சிப்பாடி

3,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 74 சென்ட் வரை திறந்தவெளி ஒதுக்கீடு இல்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை 10 சதவீதம், இடமாகவோ வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ. 10,000க்கு மேல், அதாவது ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்ட்டுக்கு மேல் இடமாகவே விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுத வேண்டும். சாலைகளுக்கும் தானப்பத்திரம் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விளம்பரம் செய்யும் முன் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் வேண்டும்.

முள்ளோடை அருகே ஓர் இடம் பார்த்தோம். ஒருவர் பாண்டிச்சேரி என்கிறார், ஒருவர் கடலூர் மாவட்டம் என்கிறார். எந்த விதி?
வாசகர், ரெட்டிச்சாவடி

உங்கள் வட்டாரத்தில் எல்லை நேர்கோடாக ஓடுவதில்லை. புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் (உள்ளாட்சிப் பிரிவு) ஊர்களும் கடலூர் வட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. கரையாம்புத்தூர், மணமேடு பக்கமும் அப்படித்தான். கடைப்பலகையில் எழுதிய முகவரியையும், பின்கோடையும், வண்டி எண்ணையும் நம்பக் கூடாது. நிலம் எந்த வருவாய்க் கிராமத்தின் பதிவேட்டில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

தமிழ்நாட்டுப் பதிவேட்டில் இருந்தால் பத்திரம் தமிழ்நாட்டு சார்பதிவகத்தில், கட்டடம் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி. புதுச்சேரிப் பதிவேட்டில் இருந்தால் அங்கே 1969ஆம் ஆண்டின் தனி நகர் ஊரமைப்புச் சட்டம், 2012இல் வந்த கட்டடத் துணைவிதிகள் மற்றும் மண்டல ஒழுங்குமுறைகள், அனுமதி கேட்கும் இடம் புதுச்சேரி திட்டக் குழுமம். ரெரா ஆணையமும் வேறு. 20.10.2016 பற்றி மேலே சொன்னது எதையும் புதுச்சேரி மனைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பத்திரத்தைப் பார்த்ததும் ஓர் அடையாளம் கிடைக்கும். புதுச்சேரி வருவாய்ப் பதிவேடுகளில் பரப்பு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்று கட்டமாக எழுதியிருக்கும். தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று வரும். ஒரு ஆர் (ஏர் என்பதும் இதுவே) 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். புதுச்சேரிப் பட்டாவை 'நிலமகள்' தளத்தில் சரிபார்க்கலாம். இடம் எல்லைக்கோட்டிலேயே இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் நில அளவர் வந்து கல் காட்டட்டும். ஒரே வேலிக்குள் இரண்டு பக்க நிலமும் இருந்தால் இரண்டு பத்திரம், இரண்டு அனுமதி. கோட்டின்மேல் கட்டடத்தை உட்கார வைக்க யாரும் அனுமதி தர மாட்டார்கள்.

தாழங்குடா பக்கம் 12 சென்ட், கடலிலிருந்து 210 மீட்டர் என்று கைப்பேசி வரைபடத்தில் அளந்து காட்டினார்கள். 200 தாண்டிவிட்டதால் சிறு விடுதி கட்டலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், சென்னை

அந்த அளவை வைத்து வாங்காதீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் தூரம் அலை நுனியிலிருந்து அளக்கப்படுவதில்லை. உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது பெரிய அலையேற்றத்தின்போது நீர் நிலத்தில் எட்டும் எல்லையிலிருந்து அளப்பார்கள். அந்தக் கோடு நிலப்பக்கம் உள்ளே தள்ளி இருக்கும், ஆகவே உங்கள் 210 மீட்டர் 170 ஆகவோ 150 ஆகவோ குறையலாம். கோடு கிராம வரைபடத்தின்மேல் 1:4000 அளவில் குறிக்கப்பட்டிருக்கும். சர்வே எண்ணோடு அதைப் பொருத்தித் தரும் அதிகாரம் பெற்ற நிறுவனங்கள் உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று.

200 மீட்டர் தாண்டினாலும் விடுதலை இல்லை. 2011 அறிவிக்கையின்படி ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி, 200 முதல் 500 வரை கட்டுப்பாட்டுப் பகுதி. பின்னதில் மீனவர் குடியிருப்பு போன்ற மரபுரிமைக்கு உட்பட்ட வீடுகளுக்குத்தான் இடம் இருக்கிறது, அதுவும் 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும். விடுதிக்கு வேறு நிபந்தனைகள், மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வழியாக மாநில ஆணையம் வரை போக வேண்டும். 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161க்கு மேல் உள்ள ஊரகப் பகுதிகளில் தடைப் பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. விற்பவர்கள் இந்த 50ஐ மட்டும் எடுத்து நீட்டுவார்கள். அதன் அடிப்படையில் வரைந்த மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் அது செல்லும்.

தாழங்குடாவில் தென்பெண்ணை முகத்துவாரமும் அருகில் இருப்பதை மறக்க வேண்டாம். அலை ஏறும் ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் தனிக்கோடு உண்டு. 2011இன்படி 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. கடல் பக்கம் தப்பிய மனை ஆற்றுப் பக்கம் மாட்டுவது வழக்கம்.

மணல் மேட்டைச் சமன் செய்வதும் தடை. 'சுத்தம் செய்த மனை' என்று காட்டினால் யார் மேட்டை வெட்டியது என்று கேளுங்கள், வழக்கு வந்தால் அப்போதைய உரிமையாளர் தலையில்தான் விழும். நிலத்தடி நீர் எடுக்கவும் கட்டுப்பாடு உண்டு என்றால் விடுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து?

வீட்டின் முன்னறையில் மருத்துவர் மகள் ஆலோசனை அறை வைக்கலாமா? வணிக மின் இணைப்பு வாங்கிவிட்டால் போதுமா?
வாசகி, மஞ்சக்குப்பம்

அந்த வீட்டிலேயே குடியிருக்கும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்கள் சிறிய அளவில் ஆலோசனை அறை வைப்பதைக் குடியிருப்பு உபயோகத்தின் பகுதியாகவே விதிகள் எடுத்துக்கொள்கின்றன. படுக்கை, பரிசோதனைக் கூடம், மருந்துக்கடை என்று வளர்ந்தால் கதை வேறு. வணிகக் கட்டண மின் இணைப்பும், மாநகராட்சி வணிக விகிதத்தில் போடும் சொத்து வரியும் கட்டட உபயோகத்தை மாற்றித் தருவதில்லை. பணம் வாங்கிக்கொண்டார்களே என்ற வாதம் கட்டடத்துக்கு முத்திரை (சீல்) வைக்கும் நாளில் எடுபடாது. புகார் வருவது பெரும்பாலும் தெருவில் நிற்கும் வண்டிகளால்தான். வாசலுக்குள் இரண்டு வண்டியாவது நிற்க இடம் ஒதுக்குங்கள்.

5 சென்ட்டில் எத்தனை சதுர அடி கட்டலாம்? சுயசான்று அனுமதி எனக்குக் கிடைக்குமா?
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

5 சென்ட் 2,178 சதுர அடி. சாதாரணமாகத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. எனவே கணக்குப்படி உச்சம் 4,356 சதுர அடி. நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தையும் வாகன நிறுத்தத்தையும் கழித்தால் இரண்டு தளத்தில் அதை எட்ட முடியாது.

2024 ஜூலையில் தொடங்கிய, உங்கள் உறுதிமொழியை ஏற்று அனுமதி தரும் சுயசான்று முறைக்கு மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும். உங்கள் மனை பொருந்துகிறது. அங்கீகாரமோ வரன்முறையோ பெற்ற மனையாக இருக்க வேண்டும், பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தகப்பனார் பெயரில் கிடக்கும் பட்டாவோடு விண்ணப்பித்தால் அங்கேயே நிற்கும். வரைபடத்தை ஏற்றும் முன் பத்திரத்தில் உள்ள நான்கு பக்க அளவையும் தரையில் பிடித்துப் பாருங்கள். தரையில் குறைந்தால் குறைந்த அளவையே காட்டுங்கள். தவறான உறுதிமொழிக்கு அனுமதியை ரத்து செய்யலாம், அதற்குள் அஸ்திவாரம் போட்டிருந்தால் அந்தச் செலவு உங்களுடையது.