கிட்டே வந்தால் கடிக்கிறான்!

வளர்ப்புப் பிராணிகள்: கேள்வி – பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பெரம்பூர்

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் குதிரை உண்டு; கல்யாண ஊர்வலத்துக்கு விடுவோம். இப்போது இருப்பவன் சுல்தான். மார்வாரி கலப்பு, ஆண், ஆறு வயது. முன்பு வைத்திருந்தவர் சவுக்கால் அடித்தே பழக்கியிருக்கிறார். என்னிடம் மட்டும் குழந்தை மாதிரி. நான் மேலே உட்கார்ந்திருந்தால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போனாலும் அசைய மாட்டான். ஆனால் வேறு யார் வந்தாலும் காதை மடக்கிக்கொண்டு பாய்கிறான். வாசலில் கட்டில் போட்டு நான் உட்கார்ந்தால் எனக்குக் குறுக்கே வந்து நின்றுகொள்வான். போன மாதம் தண்ணீர் கேன் போட வந்த பையன் பின்னாலிருந்து என் தோளில் கை வைக்க, சுல்தான் அந்தக் கையைக் கவ்விவிட்டான். மனைவி லாயத்துப் பக்கமே வருவதில்லை. அம்மா விற்றுவிடு என்கிறார். நண்பர்களோ, இந்த விசுவாசம் மனுஷனிடம்கூடக் கிடைக்காது என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, இவ்வளவு எழுதிய நீங்கள், அந்தக் கேன் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுதவில்லையே! ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா? குதிரைக் கடிக்கு டெட்டனஸ் ஊசி அவசியம். வெறிநாய் கடித்தால் குதிரைக்கும் வெறிநோய் வரும் என்பதால், கடித்த உடனே காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். வெறிநோய் ஊசி தேவையா என்பதை டாக்டர் சொல்வார். இன்னும் போகவில்லை என்றால் இன்றே கூட்டிப்போங்கள், செலவும் உங்களுடையது. சுல்தானுக்கும் வெறிநோய், டெட்டனஸ் தடுப்பூசிகள் போட்டாக வேண்டும். உங்கள் தெருவில் நாய்க்குப் பஞ்சமா என்ன? அப்புறம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வளர்க்கும் பிராணியால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சரி, சுல்தானிடம் வருவோம். நண்பர்கள் தேசிங்குராஜன் குதிரையைச் சொல்லி உங்களை ஏற்றிவிட்டிருப்பார்கள். தேசிங்கு 1714-ல் குதிரை ஏறிப் போனது ஆற்காட்டு நவாபின் படையோடு மோத. நீங்கள் போவது மண்ணடியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு. சுற்றிலும் குழந்தைகள், பேண்டுக்காரர்கள், மாலையோடு மாமியார். அங்கே கடிக்கிற குதிரைக்கு இடமில்லை.

அவன் உங்களைக் காக்கிறானா என்றால், பாதிதான் உண்மை. குதிரை கூட்டத்தில் வாழப் பிறந்தது. உங்கள் வீட்டு முற்றத்தில் இன்னொரு குதிரை இல்லை. சவுக்குக்குப் பின் அவனுக்கு வாய்த்த ஒரே நல்ல துணை நீங்கள்தான். அந்தத் துணையை யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்தான் அவனைக் குறுக்கே நிறுத்துகிறது. கேன் பையனையே பாருங்களேன். பின்னாலிருந்து வந்தான், கையைத் தூக்கினான். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து தூக்கிய கை ஒன்று முளைத்தால், அடிபட்ட குதிரைக்கு அது சவுக்குதான்.

லாரிக்கு அசையாமல் நிற்பது வேறு சமாச்சாரம். உங்கள் தொடை இறுகவில்லை, மூச்சு மாறவில்லை, கடிவாளத்தில் கை நடுங்கவில்லை. மேலே இருப்பவன் பயப்படவில்லை, நாமும் பயப்பட வேண்டாம் என்று நிற்கிறான். அது சுலபத்தில் கிடைக்காத நம்பிக்கை. அதை வைத்துத்தான் மற்றதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் பழக்குவதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறானா? தொப்புள் பக்கம் கை வைத்தால் வாலை வெடுக்கென்று அடிக்கிறானா? குதிரையின் இரைப்பையில் அமிலம் இருபத்துநான்கு மணி நேரமும் ஊறும். எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். காலையும் மாலையும் கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு நடுவில் வெறும் வாயோடு கட்டிப்போட்டால் வயிறு புண்ணாகிவிடும். முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம்: இரவெல்லாம் பட்டாசு, பேண்டு, பட்டினி. கொள்ளைக் குறையுங்கள், புல்லைக் கூட்டுங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கத்தி மாதிரி கூர்மையாகி கன்னத்தைக் கிழிக்கும். கடிவாளம் போட்டால் உயிர் போகும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். நான் படித்த இடம் என்பதால் கொஞ்சம் பாசம் உண்டு. இருந்தாலும் 1903-லிருந்து இயங்குகிற கல்லூரி, தைரியமாகப் போங்கள்.

குட்டி எடுக்கும் எண்ணம் இல்லை என்றால் காயடிப்பதைப் பற்றியும் அங்கேயே பேசிவிடுங்கள். சூடு தணியச் சில வாரங்கள் ஆகும். ஏற்கெனவே படிந்த பழக்கம் மட்டும் அதனால் தானாகப் போகாது.

அந்தப் பழக்கத்தை வளர்த்தது யார் தெரியுமா? சுல்தான் குறுக்கே வந்து நின்றதும் கழுத்தைத் தட்டி 'என் ராஜா' என்று கொஞ்சியிருப்பீர்கள். நேரில் பார்த்தது போலச் சொல்கிறேன், இல்லை என்று எழுதுங்கள் பார்ப்போம்! அது அவன் வேலைக்குக் கூலி. இனிமேல் குறுக்கே வந்தால் கொஞ்சலும் வேண்டாம், அடியும் வேண்டாம். எழுந்து நின்று, கயிற்றை மெல்ல அவன் நெஞ்சுப் பக்கம் அழுத்தி இரண்டடி பின்னால் நகர்த்துங்கள். நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, உதட்டைச் சப்பிக்கொண்டு நின்றால், பிடரி முடி முடிகிற இடத்தில் சொறிந்துகொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறையும்.

மனைவியைக் கிட்டே போகச் சொல்லாதீர்கள். தினமும் அதே நேரத்தில், அவன் காது மடங்காத தூரத்தில் அவர் புல்கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கட்டும். மார்வாரிக்குக் காது நுனி எப்போதும் உள்ளே வளைந்துதான் இருக்கும். நுனியைப் பார்த்து ஏமாறாமல் காதின் அடிப்பகுதி பின்னால் படிகிறதா என்று பாருங்கள். தூரம் தானாகக் குறைந்துகொண்டே வரும். பிறகு தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வரலாம். அதுவரை வாசலில் கட்டிலும் வேண்டாம், கட்டாத குதிரையும் வேண்டாம். முடிந்தால் ஒரு வெள்ளாட்டைப் பக்கத்தில் கட்டிப் பாருங்கள். பந்தயக் குதிரைக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்கிற வேலை. துணை கிடைத்தால் உங்கள் மேல் இருக்கும் பிடி கொஞ்சம் தளரும்.

இவ்வளவு எதற்கு என்றால், உங்களுக்கு ஒரு மஞ்சள் காமாலை வந்து படுத்தால் சுல்தானுக்கு யார் தண்ணீர் காட்டுவது? நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் குடிப்பான். இரவில் வயிற்றுவலி வந்து புரண்டால்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருப்பதை இறக்க வேண்டும். டாக்டரை அண்டவிடாத குதிரை அன்றே செத்துப்போகும். உங்கள் ஒருவரை மட்டும் நம்புகிறான் என்பதில் நீங்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தெருக்களில் ஜட்கா ஓடிய காலத்தைப் பார்த்தவன் நான். எத்தனையோ பேர் ஏறி இறங்குவார்கள், பள்ளிப் பிள்ளைகள் வயிற்றைத் தடவுவார்கள். வண்டிக்காரர் டீ குடிக்கப் போனாலும் குதிரை பாட்டுக்கு நின்றிருக்கும். அவருக்கும் குதிரைக்கும் பாசம் இல்லை என்றா சொல்வீர்கள்?

விற்க வேண்டாம். கடிக்கிற குதிரையை வாங்குகிறவர் சவுக்கோடுதான் வருவார்.

கேள்வி: குதிரைக்கு நம் முகம் ஞாபகம் இருக்குமா? ஊர்வலக் குதிரை ஒன்று என் மகளை மட்டும் முறைக்கிறது.
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: இருக்கும். பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் கோபமாக இருக்கும் படத்தைக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். சில மணி நேரம் கழித்து அதே ஆள் சாதாரண முகத்தோடு வந்தபோது, குதிரைகள் அவரை இடக்கண்ணால் அதிகம் பார்த்தன. ஆபத்தை எடைபோடும்போது குதிரை இடக்கண்ணைத்தான் அதிகம் பயன்படுத்தும். உங்கள் மகள் அதன் வாலை இழுத்தாளா என்று ரகசியமாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெல்லம் கொடுக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: சுண்டைக்காய் அளவு, எப்போதாவது. விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை விரித்துக் கொடுங்கள். விரலால் பிடித்து நீட்டினால் விரலும் வெல்லம்தான்.