பெட்டி தூக்கியதால் கரு கலையுமா?

கேள்வி: நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே டெஸ்ட் செய்தேன். இரண்டாவது கோடு மங்கலாக வந்தது. சில நாளிலேயே உதிரப்போக்கு ஆகிவிட்டது. மறுபடி டெஸ்ட் செய்ததில் கோடு இல்லை. “கரு தங்கவில்லை” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். அதற்கு முன்புதான் வீடு மாறினோம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். அதனால்தான் போய்விட்டது என்கிறார் மாமியார். உண்மையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை அம்மா. பெட்டி தூக்கியதால் அது போகவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. கருத்தரிப்பு மைய ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பில் கருவைப் பார்ப்பதுதான் என் வேலை. அங்கே கண்ணால் காண்பதை வைத்துச் சொல்கிறேன்.

கருமுட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மி.மீ. தான். விந்தணு நுழைந்த மறுநாள் காலை பார்த்தால், அதற்குள் இரண்டு வட்டங்கள் அருகருகே தெரியும். ஒன்றில் தாயின் குரோமோசோம்கள், இன்னொன்றில் தந்தையுடையவை. இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு. செல்கள் கூடுகின்றனவே தவிர கரு பெரிதாவதில்லை. இருந்ததையே பங்கு போட்டுக்கொள்கிறது. நான்காம் நாள் செல்களுக்கு இடையிலான கோடுகள் மங்கி, எல்லாம் ஒரே உருண்டையாக இறுகிவிடும். ஐந்தாம் நாள் உள்ளே நீர் சேர்ந்து குழி விழும். ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் சிறு செல்கூட்டத்திலிருந்துதான் குழந்தை உருவாகப்போகிறது. சுற்றியுள்ள மெல்லிய வரிசை நஞ்சுக்கொடியாக மாறும். இந்த நிலையை பிளாஸ்டோசிஸ்ட் என்கிறோம். அப்புறம் வெளியுறை ஓரிடத்தில் திறந்து, அந்த இடுக்கு வழியாகக் கரு பிதுங்கி வெளியே வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நேரத்தில் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

உடம்புக்குள் இதில் பெரும்பகுதி கருக்குழாயில் நகர்ந்தபடியே நடந்துவிடுகிறது. கருப்பையின் உட்சுவரில் ஒட்ட ஆரம்பிப்பதே ஆறாம், ஏழாம் நாளில்தான்.

ஆய்வகத்துக் கருக்களோ இன்குபேட்டருக்குள், 37 டிகிரி வெப்பத்தில், ஆடாமல் அசையாமல் இருக்கின்றன. அங்கே மாடி ஏறுகிறவர் யாரும் இல்லை. அப்படியும் கருவுற்றவற்றில் ஏறத்தாழப் பாதிதான் பிளாஸ்டோசிஸ்ட் ஆகின்றன. மற்றவை நடுவிலேயே நின்றுவிடும், மூன்றாம் நாளையொட்டி நிற்பவை நிறைய. அதுவரை முட்டை சேர்த்துவைத்த கையிருப்பில் காலம் தள்ளிய கருவுக்கு, அப்போதுதான் சொந்த ஜீன்கள் முழுவீச்சில் வேலை செய்தாக வேண்டும்.

இப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் குரோமோசோம் கணக்குதான் காரணம். 46 இருக்க வேண்டிய இடத்தில் 45 இருக்கும், அல்லது 47. முட்டை முதிரும்போது நடக்கும் பிரிவிலேயே இந்தப் பிசகு பல நேரம் நேர்ந்துவிடுகிறது. அதாவது விந்தணு வந்து சேர்வதற்கும் முன்னால். பெண்ணின் வயது கூடக்கூட இது அதிகமாகும். சில கருக்கள் இந்தப் பிசகோடேயே கருப்பைவரை வந்து ஒட்டி, டெஸ்டில் கோடு வரவைக்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனையும் சுரந்து, அதன் பிறகு நின்றுவிடும். மங்கலான கோடு வந்து மறைவது பெரும்பாலும் இப்படித்தான். உங்கள் கருவுக்கு இன்னதுதான் ஆயிற்று என்று இனி யாரும் சோதித்துச் சொல்ல முடியாது. ஆனால் பழியைப் பெட்டிமேலும் படிமேலும் போடாதீர்கள், உங்கள்மேல் போடவே போடாதீர்கள். மாமியாரிடம் இந்தப் பக்கத்தையே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

டாக்டர் இதையெல்லாம் உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, எல்லா வாசகிகளுக்கும்: டெஸ்டில் கோடு வந்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியோ, தலைசுற்றலோ வந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள். கருக்குழாயிலேயே கரு தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நாங்கள் கணக்குப் போட்டால் நான்கு வாரம், ரிப்போர்ட்டில் ஆறு வாரம் என்று இருக்கிறதே? கணவர் குழம்பிப்போயிருக்கிறார்.

பதில்: குழம்ப ஒன்றுமில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் மருத்துவ வழக்கம். கருவுறுவது அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. எனவே ரிப்போர்ட்டில் ஆறு என்றால் கருவின் வயது நான்கு. இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். மூளைக்கும் தண்டுவடத்துக்குமான குழல் மூடிக்கொள்வதும் இந்த நான்காம் வாரத்துக்குள்தான். அந்தக் குழல் சரியாக மூட உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான். இதுவரை தொடங்கவில்லை என்றால் இன்றே உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரே முட்டையிலிருந்து இரட்டையர் எப்போது பிரிகிறார்கள்?

பதில்: எல்லோருக்கும் ஒரே நாளில் இல்லை. முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சு, ஆளுக்கொரு பனிக்குடம். நான்கிலிருந்து எட்டு நாளுக்குள் என்றால் நஞ்சு ஒன்றே, பனிக்குடம் தனித்தனி. அதற்கும் தாமதமானால் இரண்டும் பொது. பதின்மூன்று நாளைத் தாண்டினால் முழுதாகப் பிரியாமல் ஒட்டிப் பிறக்க வாய்ப்புண்டு. ஒரே நஞ்சைப் பகிர்ந்தால் ஒரு குழந்தைக்கு ரத்தம் கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் போகக்கூடும். இரட்டைக் கரு என்று தெரிந்ததும் முதல் ஸ்கேனிலேயே நஞ்சு ஒன்றா இரண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாள் போகப்போக அதைக் கண்டுபிடிப்பது கடினம்.